‘வேலை அனுபவம்: இல்லை’ – யாழ்ப்பாணத்துப் பட்டதாரி ஒருவரின் சி.வி. பற்றிய நிகழ்வு ஆய்வு

யாழ்ப்பாணத்தில் ஒரு கணக்காய்வு நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். எங்கள் வாடிக்கையாளர்களில் பெரும்பாலானவை சிறிய, நடுத்தர நிறுவனங்கள். ஆள் எடுப்பதற்கென்று அங்கே தனிப் பிரிவு ஏதும் இருக்காது. கணக்குப் பக்கத்துக்கு ஒருவர் தேவைப்பட்டால், வந்து குவிந்த சி.வி.களை எங்களிடம் அனுப்பிவிட்டு, "ஒருக்கா பார்த்துச் சொல்லுங்கோ" என்பார்கள். அப்படி வாசித்து வாசித்து எனக்கு ஓர் அபிப்பிராயம் உருவாகிவிட்டது. இங்கே பட்டம் முடித்து வெளியே வரும் பிள்ளைகள் சி.வி. எழுதும்போது அரச வேலைக்கான விண்ணப்பப் படிவத்தை நிரப்புவதுபோல எழுதுகிறார்கள். தனியார் நிறுவனத்தில் அதை வாசிப்பவருக்கோ, நாளைக்குக் காலையில் இந்தப் பிள்ளையிடம் எந்த வேலையைக் கொடுக்கலாம் என்பதுதான் தெரிய வேண்டும். படிவத்தில் அதற்கான பதில் இருக்காது.

இதை ஒரு சி.வி.யை வைத்துக் காட்டுகிறேன். அதன் சொந்தக்காரர் சம்மதித்திருக்கிறார். ஆளை அடையாளம் காட்டக்கூடிய ஒன்றிரண்டு விபரங்களை மட்டும் மாற்றியிருக்கிறேன். சி.வி. ஆங்கிலத்தில் இருந்தது, அதிலிருந்த வரிகளைத் தமிழில் தருகிறேன்.

ஆள்

யாழ்ப்பாணப் பல்கலைக்கழக முகாமைத்துவக் கற்கைகள், வணிக பீடத்துப் பட்டதாரி. 2019 ஓகஸ்டில் உயர்தரம் எழுதியவர். பெறுபேறு அந்த டிசம்பரில் வந்தது. அடுத்த வருடம் கொரோனா வந்து எல்லாவற்றையும் தள்ளிப்போட்டது. பிறகு 2022 இன் பொருளாதார நெருக்கடி. ஆகவே நான்கு வருடப் பட்டப்படிப்பு முடிந்து கையில் தாள் வரும்போது 2025. வயது இருபத்தைந்து. இரண்டாம் வகுப்பு கீழ்ப்பிரிவு.

என்னோடு வேலை செய்யும் ஒருவருடைய மச்சாள் இவர். பல மாதங்களாகப் பல இடங்களுக்குச் சி.வி. அனுப்பியும் ஓர் இடத்திலிருந்தும் அழைப்பு வரவில்லை என்ற நிலையில்தான் என்னிடம் வந்தார். இலக்கு தெளிவாக இருந்தது: கணக்கு உதவியாளர், அல்லது அதற்கு நிகரான ஆரம்பப் பதவி, முடிந்தால் யாழ்ப்பாணத்திலேயே.

வந்த சி.வி.

நான்கு பக்கம். முதல் பக்கம் முழுக்க ஓர் அட்டவணை: முழுப்பெயர், முதலெழுத்துடன் பெயர், நிரந்தர முகவரி, தேசிய அடையாள அட்டை இலக்கம், பிறந்த திகதி, வயது, பால், சமயம், இனம், திருமண நிலை, தகப்பனின் பெயர், தகப்பனின் தொழில். வலப்பக்க மூலையில் ஸ்ரூடியோவில் எடுத்த போட்டோ. இரண்டாம் பக்கத்தில் சாதாரண தரத்தின் ஒன்பது பாடங்களும் உயர்தரத்தின் மூன்று பாடங்களும் பெறுபேற்றோடு. கீழே பல்கலைக்கழக அனுமதிக்கான இசட் புள்ளி, மாவட்ட நிலை. மூன்றாம் பக்கத்தில்தான் பட்டம் வருகிறது, அதுவும் ஒரே வரியில். அதற்குக் கீழே கொரோனாக் காலத்தில் ஸூம் வழியாகப் பங்குபற்றிய கருத்தரங்குகளின் சான்றிதழ்கள், பாடசாலை மாணவத் தலைவி, வலைப்பந்தாட்டம். கடைசிப் பக்கத்தில் ‘வேலை அனுபவம்: இல்லை’ என்று ஒரு வரி. அப்புறம், உறவினரல்லாத இருவர் என்ற தலைப்பில் கிராம அலுவலரும் ஓய்வுபெற்ற அதிபர் ஒருவரும். மேற்கூறிய யாவும் உண்மையென உறுதியளிக்கிறேன் என்ற வாசகத்தோடு கையொப்பம்.

மேலே ‘நோக்கம்’ என்றொரு பந்தி இருந்தது. புகழ்பெற்ற நிறுவனமொன்றில் சவால்மிக்க பதவியொன்றைப் பெற்று, தன் திறமையை வளர்த்து, நிறுவனத்தின் வளர்ச்சிக்கும் பங்களிப்பது. இதே பந்தியை எழுத்துக்கு எழுத்து வேறு சி.வி.களிலும் வாசித்திருக்கிறேன். கொம்யூனிகேஷன் கடைகளில் ஒரு மாதிரிக் கோப்பு இருக்கும்; பெயரையும் விலாசத்தையும் மாற்றி, ரைப் அடித்து, பிரிண்ட் எடுத்துக் கொடுப்பார்கள். இவருடைய வேர்ட் கோப்பின் பண்புகளைத் திறந்து பார்த்தேன். ஆக்கியவர் என்ற இடத்தில் யாரோ ஒரு பொடியனின் பெயர் கிடந்தது. முன்னம் வந்த வாடிக்கையாளராக இருக்க வேண்டும். இதையெல்லாம் யார் பார்க்கப் போகிறார்கள் என்று நினைக்க வேண்டாம். கோப்பைச் சேமிக்கப் போகும்போது தானாகவே கண்ணில் படும்.

ஏன் இப்படி

பிள்ளையைக் குறை சொல்லி என்ன பயன்? வெள்ளிக்கிழமை வெளிவரும் அரச வர்த்தமானியில் உள்ள விண்ணப்பப் படிவம் இதே வரிசையில்தான் கேட்கிறது. பெயர், அடையாள அட்டை, சமூக விபரம், சாதாரண தரம், உயர்தரம், பட்டம், உறுதிமொழி. அங்கே அது பொருத்தம். தகுதி இருக்கிறதா இல்லையா என்று ஒவ்வொரு பெட்டியாகச் சரிபார்க்கும் வேலை அது. மற்றதைப் போட்டிப் பரீட்சை பார்த்துக்கொள்ளும்.

யாழ்ப்பாணத்தில் ‘வேலை’ என்ற சொல்லே இன்னும் பல வீடுகளில் அரச வேலையைத்தான் குறிக்கிறது. 2017 இல் மாவட்டச் செயலகத்துக்கு முன்னால் வேலையற்ற பட்டதாரிகள் மாதக்கணக்காகக் கொட்டகை போட்டு இருந்ததை ஊரே பார்த்தது. 2020 இல் அரசாங்கம் மாதம் 20,000 ரூபா கொடுப்பனவில் பட்டதாரிகளைப் பயிலுநர்களாக எடுத்தபோது, கைக்கு வந்த தனியார் வேலையை விட்டுவிட்டுப் போனவர்களும் உண்டு. இப்படியொரு சூழலில் வளர்ந்த பிள்ளைக்கு, சி.வி. என்றால் தகுதிகளின் பட்டியல் என்றுதான் தோன்றும். பட்டியலில் இல்லாதது தகுதி அல்ல. சம்பளச் சீட்டும் நியமனக் கடிதமும் இல்லாத எதுவும் வேலை அல்ல. ‘வேலை அனுபவம்: இல்லை’ என்ற வரி அப்படித்தான் வருகிறது.

முதல் உரையாடல்

சி.வி.யை ஓரத்தில் வைத்துவிட்டுக் கேள்வி கேட்டேன்.

"இன்ரேர்ன்ஷிப் செய்தனீர்தானே? அது எங்க?"

"கூட்டுறவுச் சங்கத்தில அக்கா. ஆறு மாதம். அது டிகிரிக்குள்ள வாறதுதானே, அதால போடேல்ல."

"அங்க என்ன செய்தனீர்?"

"கணக்குப் பிரிவில இருந்தனான். சும்மா அவை சொன்னதைச் செய்தது."

"சொன்னது எண்டால்?"

இந்த ‘சும்மா’வுக்குள் என்ன இருந்தது என்று தோண்டி எடுப்பதற்கே அன்றைய பின்னேரத்தின் பாதி போய்விட்டது. கிளைகளிலிருந்து வரும் விற்பனைச் சிட்டைகளைப் பேரேட்டில் பதிந்திருக்கிறார். வங்கிக் கூற்றையும் நிறுவனத்தின் காசேட்டையும் ஒப்பிடும் வங்கிக் கணக்கிணக்கக் கூற்று தயாரித்திருக்கிறார். சில்லறைக் காசேடு பார்த்திருக்கிறார். மாத முடிவில் ஊழியர் சேமலாப நிதியத்துக்கும் ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதியத்துக்கும் அனுப்ப வேண்டிய தொகைகளைக் கணித்துத் தாள் போட்டுக் கொடுத்திருக்கிறார். சேமலாப நிதியத்துக்கு ஊழியரின் சம்பளத்திலிருந்து 8 வீதம், தொழில்தருநர் 12 வீதம், நம்பிக்கைப் பொறுப்பு நிதியத்துக்குத் தொழில்தருநரே 3 வீதம் என்று நான் கேட்காமலே சொன்னார். எங்கள் வாடிக்கையாளர் ஒருவருக்கு இதைச் செய்ய ஆள் இல்லாமல் ஒவ்வொரு மாத முடிவிலும் எங்களுக்குத் தொலைபேசி எடுப்பார்.

"வேற யாருக்காவது கணக்குப் பார்த்துக் குடுத்திருக்கிறீரோ?"

"இல்லை அக்கா. மாமாவின்ர கடைக்கு மட்டும். அது வேலை இல்லைத்தானே."

மாமாவுக்குச் சுன்னாகத்தில் ஹாட்வெயார் கடை. மேசன்மாரும் சிறு ஒப்பந்தகாரரும் சீமெந்து, கம்பி, பெயின்ற் என்று கடனுக்கு எடுப்பார்கள். எல்லாம் கொப்பியில். கொப்பி நிறைந்தால் அடுத்த கொப்பி. பழைய மீதியைப் புதியதற்குக் கொண்டுபோகும்போது எங்காவது தவறும். இவர் இரண்டு வருடமாகச் சனிக்கிழமைகளில் போய், அந்தக் கொப்பிகளை எக்செலில் ஏற்றி, யார் எவ்வளவு, எத்தனை நாளாக என்று முப்பது, அறுபது, தொண்ணூறு நாள் எனப் பிரித்து மாமாவுக்கு மாதம் ஒரு தாள் கொடுத்து வந்திருக்கிறார். கணக்கியலில் இதற்குக் கடன்பட்டோர் வயதுப் பகுப்பாய்வு என்று பெயர். பரீட்சையில் எழுதி மார்க்ஸும் வாங்கியவர், தானே அதைச் செய்துகொண்டிருப்பதை வேலையாக நினைக்கவில்லை.

இன்னும் இருந்தது. இரண்டாம் வருடத்திலிருந்து வீட்டு விறாந்தையில் சாதாரண தரப் பிள்ளைகளுக்கு வணிகக் கல்வியும் கணக்கீடும் பாடத்துக்கு ரியூசன். இறுதியாண்டு ஆய்வுக்காகச் சிறு வியாபாரிகள் கணக்குப் பதிவு வைத்திருக்கும் முறை பற்றித் தமிழில் வினாக்கொத்துத் தயாரித்து, கடை கடையாக ஏறி இறங்கி, எஸ்.பி.எஸ்.எஸ். மென்பொருளில் பகுப்பாய்வு. தகப்பன் பொருளாளராக இருக்கும் கோயிலின் திருவிழாக் கணக்கு எழுத உதவி.

எதை எடுத்தோம், எதை விட்டோம்

முதலில் முதல் பக்கத்து அட்டவணை போனது. பெயர், தொலைபேசி, ஈமெயில், ஊர் போதும். சமயம், இனம், தகப்பனின் தொழில் ஆகியவற்றுக்கும் கணக்கு உதவியாளர் வேலைக்கும் என்ன தொடர்பு? அடையாள அட்டை இலக்கத்தைப் பற்றி மட்டும் ஒரு சொல். தனியார் வேலைக்குப் பிறந்த திகதி வேண்டாம் என்று அழித்துவிட்டு இலக்கத்தை அப்படியே விடுகிறவர்கள் உண்டு. புதிய 12 இலக்க அடையாள அட்டை எண்ணின் முதல் நான்கும் பிறந்த வருடம். அடுத்த மூன்றும் அந்த வருடத்தில் எத்தனையாவது நாள் என்பது. பெண்களுக்கு அதோடு 500 கூட்டியிருக்கும். அந்த எண்ணை அப்படியே வைத்தால் பிறந்த திகதியையும் பாலையும் கொடுத்ததுதான். தெரியாத ஈமெயிலுக்கெல்லாம் அந்த எண்ணை அனுப்புவது பாதுகாப்பும் இல்லை. வேலை உறுதியானதும் கேட்பார்கள், அப்போது கொடுக்கலாம்.

போட்டோ விடயத்தில் நான் கண்டிப்பாக இல்லை. இங்கே சில முதலாளிமார் எதிர்பார்க்கிறார்கள். விளம்பரத்தில் கேட்டிருந்தால் வைக்கலாம், கேட்காவிட்டால் அந்த இடத்தில் எழுத நிறைய இருக்கிறது.

இசட் புள்ளியை எடுக்கச் சொன்னபோது முகம் வாடியது. பல்கலைக்கழகத்துக்குள் நுழைய அது தேவைப்பட்டது. நுழைந்து வெளியேயும் வந்தாயிற்று. சாதாரண தரம் ஒன்பது வரியிலிருந்து ஒரு வரியானது: கணிதம், ஆங்கிலம் இரண்டிலும் ஏ. உயர்தரமும் ஒரு வரி. மாணவத் தலைவி, வலைப்பந்து, ஸூம் சான்றிதழ்கள் போயின. இவற்றில் மாணவத் தலைவியைக் கைவிட வீட்டிலும் எதிர்ப்பு இருந்ததாம். வேறு எதுவுமே இல்லாத ஒருவருக்கு அது ஒரு வரியாக இருக்கலாம். இவருக்குத் தேவையில்லை.

கோயில் கணக்கைப் பற்றிக் கொஞ்சம் யோசித்தோம். பொறுப்பு தகப்பனுடையது, கணக்கறிக்கையில் கையொப்பமும் அவருடையது. பிள்ளை செய்தது கூட்டிக் கொடுத்தது. இன்ரவியூவில் தோண்டிக் கேட்டால் இரண்டாம் கேள்வியோடு நின்றுவிடும். ஆகவே விட்டோம்.

இப்போது எழுதிய வரிகளுக்கு வருவோம். இன்ரேர்ன்ஷிப் பகுதி இப்படி வந்தது:

‘பயிலுநர், கணக்குப் பிரிவு, பலநோக்குக் கூட்டுறவுச் சங்கம் (6 மாதம்). மூன்று கிளைகளின் நாளாந்த விற்பனைச் சிட்டைகளைப் பேரேட்டில் பதிந்தேன். இரண்டு வங்கிக் கணக்குகளுக்கு மாதாந்த வங்கிக் கணக்கிணக்கக் கூற்றுத் தயாரித்தேன். கணக்காளர் சரிபார்த்து ஒப்பமிட்டார். ஊழியர் சேமலாப நிதியம், ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதியம் ஆகியவற்றுக்கான மாதாந்தக் கணிப்பீட்டுத் தாளைத் தயாரித்தேன்.’

‘கணக்காளர் சரிபார்த்து ஒப்பமிட்டார்’ என்ற துண்டை எடுத்துவிடலாமா, அது தன்னைச் சின்னதாகக் காட்டுகிறதே என்று கேட்டார். வேண்டாம் என்றேன். கணக்குத் துறையில் இருப்பவருக்கு ஒரு பயிலுநர் தனியாகக் கூற்றை முடித்துக் கொடுத்தார் என்றால் நம்பிக்கை வராது, பயம்தான் வரும். மேலே ஒருவர் சரிபார்த்தார் என்றால் வேலை ஒழுங்காக நடந்த இடத்தில் இருந்து வந்த பிள்ளை என்று தெரியும்.

மாமாவின் கடைக்குத்தான் அதிக நேரம் எடுத்தது. அவர் எழுதிக்கொண்டு வந்த முதல் வரைவில் பதவி ‘கணக்கு முகாமையாளர்’. கீழே ‘கடன் நிலுவையை 40 வீதம் குறைத்தேன்’. எங்கிருந்து வந்தது 40 என்று கேட்டேன். யூடியூபில் சி.வி. பற்றிப் பேசுபவர்கள் எண் போடச் சொல்கிறார்களாம். மாமாவும் நல்லாக் குறைஞ்சிட்டுது என்றாராம். ஒரு திகதியில் மொத்த நிலுவை எவ்வளவு, இன்னொரு திகதியில் எவ்வளவு என்று இரண்டு எண் இருந்தால்தான் வீதம் சொல்லலாம். ஆரம்பத் தொகை யாரிடமும் இல்லை. கொப்பியில் இருந்ததே பாதி பிழை என்பதால்தானே எக்செலுக்கு மாற்றியது! இல்லாத எண்ணைப் போட்டால், கணக்காளர் ஒருவர் முதலில் கேட்கப்போவதும் அதைத்தான்.

எண் வேண்டாம் என்று சொல்லவில்லை. எண்ணக்கூடியதை எண்ணச் சொன்னேன். கோப்பைத் திறந்து பார்த்தார்; 140 சொச்சம் பெயர்கள். எப்போது தொடங்கினார் என்பது கோப்பிலேயே இருந்தது. கடைசியில் நின்ற வரி:

‘கணக்கு உதவி (பகுதிநேரம், ஊதியமின்றி), உறவினரின் ஹாட்வெயார் கடை, சுன்னாகம், 2023 முதல். 140 க்கு மேற்பட்ட கடன்பட்டோர் கணக்குகளைக் கையெழுத்துப் பதிவிலிருந்து எக்செலுக்கு மாற்றினேன். 30, 60, 90 நாள் அடிப்படையில் மாதாந்த நிலுவைப் பட்டியல் தயாரிக்கிறேன். கடை உரிமையாளர் அதை வைத்து வசூல் செய்கிறார்.’

உறவினரின் கடை என்பதை மறைக்காமல் எழுதியது என் பிடிவாதம். யாழ்ப்பாணம் சின்ன இடம். சுன்னாகத்தில் அந்தக் கடை யாருடையது என்று தெரிந்துகொள்ள ஒரு தொலைபேசி அழைப்புப் போதும்.

ரியூசன் பகுதியைச் சுருக்கினோம்: 2022 முதல், சாதாரண தர வணிகக் கல்வியும் கணக்கீடும், ஒரு வகுப்புக்கு எட்டிலிருந்து பன்னிரண்டு மாணவர், குறிப்புகளும் மாதிரி வினாத்தாள்களும் சொந்தத் தயாரிப்பு. 2022 மார்ச் கடைசியில் மின்வெட்டு ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை போன காலத்தில், வெட்டு நேர அட்டவணையைப் பார்த்து வகுப்பு நேரத்தை மாற்றி மாற்றி நடத்தியதை ஒரு கதையாகச் சொன்னார். நல்ல கதை, ஆனால் சி.வி.க்குள் வராது. இன்ரவியூவில் ‘நெருக்கடியை எப்படிச் சமாளித்தீர்கள்’ என்று கேட்டால் சொல்லட்டும் என்று ஒதுக்கி வைத்தோம்.

ஆய்வுக் கட்டுரையைப் பட்டத்துக்குக் கீழே இரண்டு வரியில் வைத்தோம். தலைப்பைவிட, எப்படித் தரவு சேர்த்தார் என்பதற்கு இடம் கொடுத்தோம். கடைக்காரரிடம் போய்க் கணக்குப் பற்றிக் கேள்வி கேட்டுப் பதில் வாங்குவது லேசான வேலை இல்லை. வருமான வரிக்காரர் அனுப்பிய ஆளோ என்றுதான் முதலில் பார்ப்பார்கள்.

திறன்கள் என்ற பெட்டி

பழைய சி.வி.யில் எக்செல்: மிகச் சிறப்பு. ஆங்கிலம், தமிழ், சிங்களம்: மூன்றுக்கும் வாசிப்பு, எழுத்து, பேச்சு என்று ஒன்பது கட்டம், எல்லாவற்றிலும் சரி அடையாளம்.

லப்ரொப்பைத் திருப்பிக் கொடுத்து, ஒரு விற்பனைப் பட்டியலைத் திறந்து, மாதவாரியாகக் கூட்டித் தரச் சொன்னேன். வீ-லுக்அப் போட்டார், சம்-இஃப் போட்டார். தரவைத் தொகுத்துக் காட்டும் பிவொட் டேபிள் தெரியவில்லை. அந்த வார இறுதியிலேயே மாமாவின் கடைக் கோப்பை வைத்துப் பழகிவிட்டு வந்தார். ஆகவே ‘மிகச் சிறப்பு’ என்ற சொல்லை எடுத்துவிட்டு, செய்யத் தெரிந்தவற்றின் பெயர்களையே எழுதினோம். குவிக்புக்ஸ் என்ற கணக்கு மென்பொருள் பல்கலைக்கழகத்தில் தொட்டுப் பார்த்தது மட்டும். ‘அடிப்படைப் பயிற்சி’ என்று எழுதினோம். கணக்கியல் தொழினுட்பவியலாளருக்கான ஏ.ஏ.ரி. பரீட்சையில் முதலாம் நிலை முடிந்து இரண்டாம் நிலை பாதியில் நிற்கிறது. பாதியில் நிற்பதை முடிந்ததுபோலக் காட்டும் வாசகங்கள் பல உண்டு. ‘இரண்டாம் நிலை படித்துக்கொண்டிருக்கிறேன்’ என்று நேராக எழுதினோம்.

சிங்களம்: தொலைபேசியில் எளிய உரையாடல் முடியும், எழுத வராது. அப்படியே எழுதினோம். கொழும்பிலிருந்து பொருள் எடுத்து விநியோகிக்கும் நிறுவனங்களுக்கு இந்த ‘எளிய உரையாடல்’ எவ்வளவு பெறுமதி என்பது அங்கே வேலை செய்தவர்களுக்குத் தெரியும். மூன்று சரி அடையாளத்துக்குள் அது மறைந்து கிடந்தது.

இதற்கிடையில் சட்ஜிபிடியிடம் கொடுத்து ஒரு வடிவமும் எடுத்து வந்தார். ஆங்கிலம் பளபளப்பாக இருந்தது. முடிவு சார்ந்த, உத்வேகமிக்க, விபரங்களில் கவனமுள்ள தொழில்வாண்மையாளர் என்று தொடங்கியது. கூட்டுறவுச் சங்கத்தின் கணக்கு முறையைத் தானே மறுசீரமைத்ததாகவும் ஒரு வரி அதுவாகவே சேர்த்திருந்தது! இலக்கணம் திருத்த அதை வைத்துக்கொள்ளச் சொன்னேன். உள்ளடக்கத்தை அதன் கையில் விட வேண்டாம்.

வடிவமும் அனுப்பும் விதமும்

ஒன்றரைப் பக்கத்தில் முடிந்தது. ஒரே நிரல், அட்டவணை இல்லை, நட்சத்திரம் போட்டுத் திறன் காட்டும் படங்கள் இல்லை. கொழும்பின் பெரிய நிறுவனங்கள் சிலவற்றில் மென்பொருள்தான் முதலில் வாசிக்கிறது. பெட்டிக்குள் பெட்டியாக இருந்தால் அது குழம்பிவிடும். இங்கே வேறு காரணம்: முதலாளி வட்ஸ்அப்பில் போன் திரையில் திறந்து பார்க்கிறார். வேர்ட் கோப்பு போனில் கோணல்மாணலாகத் திறக்கும் என்பதால் பி.டி.எஃப். கோப்பின் பெயர் ‘நியூ சி.வி. பைனல் 2’ என்று இருந்தது. அவருடைய பெயரும் பதவியுமாக மாற்றினோம். உயர்தரம் படிக்கும்போது திறந்த, செல்லப்பெயர் வைத்த ஈமெயில் முகவரிக்குப் பதிலாகப் புதியது ஒன்று.

கிராம அலுவலர் நற்சான்றிதழுக்குப் பொருத்தமானவர். இவர் பேரேடு எழுதியதை அவர் கண்டாரா? அவருக்குப் பதிலாகச் சங்கத்தில் மேற்பார்த்த கணக்காளரையும் ஆய்வுக்கு வழிகாட்டிய விரிவுரையாளரையும் போட்டோம். போடுவதற்கு முன் இருவரிடமும் கேட்டு, எந்தப் பதவிக்கு விண்ணப்பிக்கிறார் என்பதையும் சொல்லி வைத்தார். கேட்காமல் பெயர் போட்டு, அழைப்பு வந்ததும் ‘எந்தப் பிள்ளை?’ என்று மறுமுனையில் கேட்பதை நானே கேட்டிருக்கிறேன்.

ஈமெயிலின் உடலை வெறுமையாக விட்டுக் கோப்பை மட்டும் இணைக்கும் பழக்கம் இங்கே அதிகம். நான்கு வசனம் எழுதினோம்: எந்தப் பதவி, விளம்பரத்தை எங்கே பார்த்தார், தான் செய்ததில் அந்தப் பதவிக்கு நெருங்கிய ஒன்று, எப்போது தொடங்கலாம். அந்த மூன்றாவது வசனம் மட்டும் ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் மாறும். உதயன் பத்திரிகை விளம்பரத்தில் கடன் வசூல் என்று இருந்தால் மாமாவின் கடை. சம்பளப் பட்டியல் என்று இருந்தால் கூட்டுறவுச் சங்கம்.

2019 டிசம்பருக்கும் 2025 க்கும் இடைப்பட்ட நீளத்தைப் பற்றியும் கேட்டார். இலங்கையில் யாருக்கும் விளக்கம் தேவையில்லை. எங்கள் ஆட்கள் எல்லோரும் அதே வரிசையில் நின்றவர்கள். வெளிநாட்டு நிறுவனத்துக்கு வீட்டிலிருந்து செய்யும் வேலைக்கு விண்ணப்பித்தால் மட்டும், பல்கலைக்கழக அனுமதி பெருந்தொற்றால் தாமதமானது என்று ஒரு துண்டு போதும்.

பழைய நான்கு பக்கத்தை அழிக்கச் சொல்லவில்லை. வர்த்தமானி விண்ணப்பத்துக்கு அந்த விபரம் எல்லாம் வேண்டும். அது ஒரு கோப்பு, இது ஒரு கோப்பு.

வேறு பீடத்துப் பிள்ளைகளுக்கு

முகாமைத்துவம் படித்தவருக்கு மாமாவின் கடை கிடைத்தது, கலைப் பீடத்தாருக்கு என்ன இருக்கிறது என்று ஒரு நண்பர் கேட்டார். நியாயமான கேள்வி. ஆனால் அங்கேயும் தேடினால் அகப்படுகிறது. 2005 இல் தொடங்கிய நூலகம் என்ற எண்ணிம ஆவணக் காப்பகத் திட்டத்துக்கு ஆவணம் வருடிக் கொடுத்த, அட்டவணைப்படுத்திய தன்னார்வலர்கள் இருக்கிறார்கள். வெளியிலிருந்து வரும் ஆய்வாளருக்குக் கிராமத்தில் நேர்காணல் எடுத்து, எழுத்தில் பெயர்த்துக் கொடுத்தவர்கள் இருக்கிறார்கள்; அரசுசாரா நிறுவனம் ஒன்றுக்கு இதைவிட நெருங்கிய அனுபவம் என்ன வேண்டும்? கணினி படிப்பவர்களுக்கு 2012 இல் ஆரம்பித்த யாழ் கீக் சலஞ்ச் போன்ற போட்டிகளில் செய்த செயற்றிட்டம் இருக்கலாம். எத்தனையாம் இடம் என்பதைவிட, குழுவில் எந்தப் பகுதியைத் தான் எழுதினேன் என்பதைச் சொல்ல வேண்டும். கிளிநொச்சி அறிவியல் நகரில் விவசாயம் படித்துவிட்டுத் தகப்பனின் வெங்காயத் தோட்டத்தில் சொட்டுநீர்க் குழாய் போட்டுப் பார்த்த பொடியனுக்கும் இதே கதைதான். ஒன்றுமே செய்யாத பிள்ளைக்கு என்ன வழி என்று கேட்டால், சி.வி. எழுதுவதை மூன்று மாதம் தள்ளிவைத்துவிட்டு, எங்காவது ஒரு கணக்கையோ கோப்பையோ பொறுப்பெடுப்பதுதான்.

நடந்தது

புதிய சி.வி.யை எல்லா இடத்துக்கும் ஒரேயடியாக அனுப்பாமல் விளம்பரம் பார்த்துத் தெரிந்து அனுப்பினார். ஒரு வங்கியிலிருந்து பதில் இல்லை. ஒரு காப்புறுதி நிறுவனம் அழைத்தது. போனால் விற்பனைப் பதவி, மறுத்துவிட்டார். நகரில் உள்ள ஒரு விநியோக நிறுவனம் கணக்கு உதவியாளர் பதவிக்கு அழைத்தது.

இன்ரவியூ பெரும்பகுதி 140 கடன்பட்டோர் மேல் நடந்ததாம். எப்படிப் பிரித்தீர், பணம் பகுதி பகுதியாக வந்தால் எந்தப் பட்டியலில் கழிப்பீர், கடனைத் திருப்பித் தராதவருக்கு மாமா திரும்பவும் கடன் கொடுத்தால் என்ன செய்தீர் என்று முகாமையாளர் தோண்டியிருக்கிறார். கடைசிக் கேள்விக்கு "நான் பட்டியலில சிவப்புப் போட்டுக் குடுத்தனான் சேர், மாமா குடுத்தவர்தான்" என்று உள்ளதைச் சொன்னாராம். அறையில் சிரிப்பு. பிறகு பெறுமதி சேர் வரி (வற்). 2024 ஜனவரி முதல் 18 வீதம் என்பது தெரிந்திருந்தது; வரி உள்ளடங்கிய தொகையிலிருந்து வரியைப் பிரித்தெடுக்கச் சொன்னபோது முதலில் 18 வீதத்தைக் கழித்துவிட்டு, உடனே திருத்தி, 118 ஆல் பிரித்து 18 ஆல் பெருக்கினார். பிவொட் டேபிள் பற்றி யாரும் கேட்கவில்லை.

ஆறு மாதத் தகுதிகாண் காலத்தோடு வேலை கிடைத்தது. சம்பளம் அவர் நினைத்ததைவிடக் குறைவு; சேமலாப நிதியம் முதல் மாதத்திலிருந்தே கட்டுவார்களா என்று கேட்டுவிட்டுத்தான் சேர்ந்தார். அந்தக் கேள்வியை அவர் கேட்டது எனக்குப் பிடித்திருந்தது. சி.வி.யால்தான் வேலை கிடைத்தது என்று நான் சொல்லமாட்டேன். அந்த நேரம் அந்த நிறுவனத்தில் கடன் வசூல் பார்த்தவர் கனடாவுக்குப் போயிருந்தார். இடம் காலியாக இருந்தது. சி.வி. செய்தது ஒன்றுதான்: முகாமையாளருக்குக் கேட்பதற்கு ஒரு விடயம் கொடுத்தது.

தகுதிகாண் காலம் முடிந்த கையோடு சி.வி.யைப் புதுப்பித்து அனுப்பியிருந்தார். இப்போது முதல் இடத்தில் இந்த நிறுவனமும் அங்கே பார்க்கும் வற் அட்டவணைகளும். கூட்டுறவுச் சங்கம் மூன்று வரியிலிருந்து ஒன்றாகச் சுருங்கியிருக்கிறது. ரியூசனை எடுத்துவிட்டார், வகுப்பையும் நிறுத்தியாயிற்று. மாமாவின் கடை மட்டும் அப்படியே இருக்கிறது, சனிக்கிழமைகளில் இன்னும் போகிறார் என்பதால். ஏ.ஏ.ரி. இரண்டாம் நிலைக்கு நேரே ‘படித்துக்கொண்டிருக்கிறேன்’ என்றுதான் இன்னும் நிற்கிறது. அடுத்த பரீட்சைக்குப் பதிந்துவிட்டாராம்.